அப்பா சிகரெட் பிடிப்பாரா? இன்ஷூரன்ஸ் ஃபார்ம்ல 'இல்லை'ன்னு டிக் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!



பெற்றோருக்கான ஹெல்த் இன்ஷூரன்ஸ் பற்றிய நம்ம வீடியோவுல ஒரு விஷயத்தை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன்: "அப்பாவுக்குப் புகைப்பழக்கம் இருந்தா மறைக்காதீங்க." அதைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான். "சொன்னா பிரீமியம் ஏறுமே ப்ரோ?"

அந்தக் கேள்விக்கு வீடியோவுல நேரம் பத்தல. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனா முழுசா படிங்க. இதுல என் சொந்தக் காசு போன கதையும் இருக்கு.

முதல்ல, நான் பண்ணின தப்பு

வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம். அப்பாவுக்கு அப்போ 56 வயசு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்தேன். ஃபார்ம்ல ஒரு கேள்வி: புகையிலை எந்த வடிவத்திலாவது பயன்படுத்துகிறீர்களா?

ஏஜென்ட் சொன்னார், "இல்லைன்னே போடுங்க சார். ஒரு நாளைக்கு ரெண்டு மூணுதானே இருக்கும்? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க." நானும் போட்டேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. கையெழுத்து மட்டும் வாங்கிக்கிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு, ஒரு விடியற்காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. பில் 2,84,000 ரூபாய். கிளைம் ரிஜெக்ட் ஆச்சு. பாலிசியும் ரத்து.

காரணம் ரொம்ப சிம்பிள். அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் அப்பாகிட்ட பழக்கம் எல்லாம் விசாரிச்சிருக்கார். அப்பா, "முப்பது வருஷமா பிடிக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்து"ன்னு சொல்லியிருக்கார். அது கேஸ் ஷீட்ல ஏறிடுச்சு. கேஸ் ஷீட் கம்பெனிக்குப் போச்சு. ஃபார்மையும் ஷீட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அவ்வளவுதான்.

"ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"ன்னு அப்பாகிட்ட கேட்டேன்.

"டாக்டர்கிட்ட யாராவது பொய் சொல்வாங்களாடா?"

நான் ஃபார்ம்ல என்ன போட்டிருந்தேன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் உண்மையைச் சொன்னார். பொய் சொன்னது நான்.

எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து ஒன்றரை லட்சம் போச்சு. மீதிக்கு பர்சனல் லோன். மாசம் ஆறாயிரத்துச் சொச்சம், ரெண்டு வருஷம் கட்டினேன். ஏஜென்ட் மேல கோபம் வந்துச்சு. ஆனா கையெழுத்துக்கு மேல இருந்த டிக் நான் போட்டது. அதனால யார்கிட்டயும் போய் நியாயம் கேட்கவும் முடியல.

சிகரெட் காசை எஸ்ஐபில போட்டிருந்தா...

இந்த மாதிரி பதிவுல எல்லாரும் ஒரு கணக்கு போடுவாங்க. நானும் போட்டுடறேன். ஒரு சிகரெட் 18 ரூபாய்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்குப் பத்து, 180 ரூபாய். மாசம் 5,400. இதை 10 வருஷம், 10 சதவீத வளர்ச்சியில போட்டா சுமார் 11 லட்சம்.

கணக்கு சரிதான். ஆனா 55 வயசு மனுஷர்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. "என் காசுடா, நான் சம்பாதிச்சது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவார். அவர் சொல்றதுலயும் தப்பு இல்லை.

இன்னொரு விஷயம். பீடி பிடிக்கிறவருக்கு இந்தக் கணக்கே வேலைக்கு ஆகாது. 2016-17ல எடுத்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், சிகரெட் பிடிக்கிறவர் மாசம் சராசரியா 1,192 ரூபாய் செலவு பண்றார், பீடி பிடிக்கிறவர் 284 ரூபாய்தான் செலவு பண்றார்னு வந்துச்சு. 284 ரூபாய் நம்ம ஓடிடி சந்தா மாதிரி. அதை மிச்சம் பிடிச்சு யாரும் பணக்காரர் ஆகப்போறதில்லை.

ஆகவே பெட்டிக்கடையில போற காசு சின்னக் காசு. பெரிய காசு ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல போகுது. அதைக் கட்டப்போறது பெரும்பாலும் நீங்கதான். உங்க பட்ஜெட் ஷீட்ல வாடகை இருக்கு, இஎம்ஐ இருக்கு, எஸ்ஐபி இருக்கு. அப்பாவோட புகைப்பழக்கத்துக்கு ஒரு வரி இருக்கா?

உங்க அப்பா இதுல எந்த டைப்?

அதே கணக்கெடுப்புப்படி இந்தியாவுல 15 வயசுக்கு மேற்பட்ட ஆண்கள்ல 19 சதவீதம் பேர் புகைப்பிடிக்கிறாங்க. பெண்கள்ல 2 சதவீதம். அதனால வீட்டுல இந்தப் பேச்சு பெரும்பாலும் அப்பா, பெரியப்பா, மாமாவைப் பற்றித்தான் இருக்கும். நாற்பத்தஞ்சு, ஐம்பது தாண்டினவங்க பிடிக்கிற விதம் நம்ம ஆபீஸ் பசங்க பிடிக்கிற மாதிரி இருக்காது. நான் பார்த்த வரைக்கும் அஞ்சு டைப்.

1. லூஸ்ல வாங்குறவர். பாக்கெட் வாங்கவே மாட்டார். டீக்கடையில ஒண்ணு, சாப்பிட்டுட்டு ஒண்ணு, பஸ் ஸ்டாப்ல ஒண்ணு. கேட்டா "மூணு நாலு"ம்பார். பொய் இல்லை, அவருக்கே கணக்கு தெரியாது. "எத்தனை?"ன்னு கேட்காதீங்க. "எப்பெல்லாம்?"னு கேளுங்க. காலையில எழுந்ததும், டீயோட, டிபனுக்கு அப்புறம்னு அவரே சொல்லச் சொல்ல விரல் விட்டு எண்ணுங்க. எங்க வீட்டுல "நாலு" இப்படித்தான் பத்தாச்சு.

2. குறைச்சுக்கிட்டவர். ஒரு காலத்துல ரெண்டு பாக்கெட், இப்போ ஒண்ணு ரெண்டுதான். வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. இங்கதான் பெரிய ஏமாற்றம். 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஓர் ஆய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவருக்குக் கூட, 20 பிடிக்கிறவருக்கு வரக்கூடிய கூடுதல் இதயநோய் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி இருக்குன்னு காட்டுச்சு. இருபதை ஒண்ணாக் குறைச்சா ஆபத்தும் இருபதுல ஒரு பங்காகும்னு நாம நினைக்கிறோம். இதயம் அப்படிக் கணக்கு பார்க்கிறதில்லை. குறைக்கிறது நல்ல ஆரம்பம். ஆனா அங்கேயே நின்னுடக் கூடாது.

3. பீடிக்காரர். "சிகரெட்டுதான் கெமிக்கல், பீடி வெறும் இலை"ன்னு நம்புறவர். இந்தியாவுல சிகரெட்டைவிட பீடி பிடிக்கிறவங்கதான் அதிகம்: 4 சதவீதத்துக்கு எதிரா 7.7 சதவீதம். 2008ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த இந்திய ஆய்வுல, பீடி பிடிக்கிற ஆண்கள் சராசரியா 6 வருஷ ஆயுளை இழக்கிறாங்க, சிகரெட் பிடிக்கிற ஆண்கள் 10 வருஷம் இழக்கிறாங்கன்னு கணக்கு வந்துச்சு. விலை கம்மி. சேதம் கம்மின்னு சொல்ல முடியாது.

4. ரிட்டயர் ஆனவர். வேலையில இருந்தப்போ டீ பிரேக்குக்கு ஒண்ணுன்னு ஒரு வரைமுறை இருந்திருக்கும். ரிட்டயர் ஆனதும் நாள் முழுக்க பிரேக். சிலருக்கு எண்ணிக்கை ஏறும். சிலருக்குக் கூடப் பிடிக்கிற ஆள் இல்லாம தானா குறையும். அந்த முதல் ஆறு மாசம் முக்கியமான நேரம். அப்பா ரிட்டயர் ஆகப்போறார்னா பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கோட இதையும் கவனிங்க.

5. விட்டுட்டேன்னு சொல்றவர். ஒரு தடவை டாக்டர் பயமுறுத்தியிருப்பார். வீட்டுல சத்தியம் பண்ணியிருப்பார். ஆனா சாயங்காலம் நடைப்பயிற்சி போயிட்டு வரும்போது வாயில ஏலக்காய் வாசனை. இவரைத் திட்டாதீங்க. திட்டினா இன்னும் நல்லா மறைப்பார். உங்ககிட்ட மறைச்சா ஃபார்ம்லயும் தப்பு விழும்.

பாட்டி, அம்மா வெற்றிலையோட புகையிலை போடுறாங்களா? அதுவும் கணக்குல வரும். பல ஃபார்ம்ல கேள்வி "சிகரெட் பிடிக்கிறீங்களா"ன்னு இருக்காது, "எந்த வடிவத்திலாவது"ன்னு இருக்கும். அந்தக் கேள்வியை நிதானமா வாசிங்க.

இன்ஷூரன்ஸ் விதிகள்: இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க

2024 ஏப்ரல்ல ஐஆர்டிஏஐ கொண்டு வந்த மாற்றங்கள் நமக்குச் சாதகமானவை.

ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாசமா இருந்தது, 36 மாசமாக் குறைஞ்சிருக்கு. கம்பெனியைப் பொறுத்து இன்னும் குறைவாவும் இருக்கலாம்.

மோரட்டோரியம்னு ஒண்ணு இருக்கு. தொடர்ந்து 60 மாசம் பிரீமியம் கட்டியிருந்தா, "நீங்க இதைச் சொல்லல"ன்னு காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. முன்னாடி இது 8 வருஷம். உடனே சிலர், "அப்போ அஞ்சு வருஷம் மறைச்சுட்டா போதுமே"ன்னு யோசிப்பாங்க. வேண்டாம். மோசடின்னு நிரூபிச்சா இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதோட அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள நெஞ்சுவலி வந்தா? எனக்கு ஒன்றரை வருஷத்துல வந்துச்சு.

65 வயசு வரைக்கும் பாலிசி கொடுத்தாலே போதும்ங்கிற பழைய விதியும் போயிடுச்சு. மூத்தவங்களுக்கும் கம்பெனிகள் திட்டம் தரணும்.

இப்போ, "சொன்னா பிரீமியம் ஏறுமே?" ஏறலாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடத்துல மெடிக்கல் டெஸ்ட் கேட்பாங்க, சில இடத்துல லோடிங் போடுவாங்க, சில இடத்துல ஒண்ணும் மாறாது. ஆனா 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்னாடி 18 சதவீதம் கட்டினோம். அந்த மிச்சத்துலயே லோடிங் ஓரளவு அடங்கிடும். நான் மிச்சம் பிடிச்சது வருஷத்துக்குச் சில ஆயிரம். இழந்தது 2,84,000.

வரிக்கணக்கு: பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, 80டின்னு நாம சொல்ற கழிவுல பெற்றோர் பிரீமியத்துக்குத் தனியா 25,000 ரூபாய் வரைக்கும், பெற்றோர் 60 வயசைத் தாண்டியிருந்தா 50,000 வரைக்கும் கிடைக்கும். புதிய முறையில இது கிடையாது. கழிவு இல்லைன்னாலும் பாலிசி வேணும்.

ஆபீஸ் குரூப் பாலிசியில அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தா நல்லது. பெரும்பாலான குரூப் பாலிசியில காத்திருப்புக் காலமும் இருக்காது. ஆனா வேலை போனா கவரும் போயிடும். அப்பாவுக்கு 63 வயசுல, ஸ்டென்ட் வெச்ச பிறகு, புது பாலிசி தேடி அலையறது ரொம்பக் கஷ்டம். நான் அலைஞ்சேன். கிடைச்சப்போ பிரீமியம் பழசைப் போல ஒன்றரை மடங்கு.

ஏற்கெனவே 'இல்லை'ன்னு போட்டுட்டேன், இப்போ என்ன பண்றது?

இன்னைக்கே கம்பெனிக்கு இமெயில் போடுங்க. "ஃபார்ம்ல இந்தத் தகவல் விடுபட்டிருக்கு, சேர்த்துக்குங்க"ன்னு எழுதிக் கேளுங்க. பிரீமியத்தை ஏத்தலாம், நிபந்தனை போடலாம், ரத்தும் பண்ணலாம். எதுவா இருந்தாலும் அப்பா நல்லா நடமாடும்போது தெரிஞ்சுக்கிறது நல்லது. ஐசியு வாசல்ல நின்னு தெரிஞ்சுக்காதீங்க. புதுசா எடுத்த பாலிசின்னா 30 நாள் ஃப்ரீ லுக் காலம் இருக்கு. அதுக்குள்ள ஆவணத்தை ஒரு தடவை முழுசா படிச்சுடுங்க.

உண்மையைச் சொல்லியும் கிளைமை மறுத்தாங்கன்னா, முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவு. அங்கே தீரலைன்னா இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. சரியான ஃபார்ம் கையில இருந்தா தைரியமாப் போகலாம். என்கிட்ட அது இல்லை.

நீங்களே புகைப்பிடிக்கிறவரா? டேர்ம் இன்ஷூரன்ஸ்லயும் இதே விதிதான். பிரீமியம் கூடத்தான் இருக்கும். பாலிசி எடுத்து 3 வருஷத்துக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, மறைச்ச தகவலை வெச்சு கேள்வி கேட்க கம்பெனிக்கு உரிமை இருக்கு. அப்போ பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க. உங்க வீட்டுல இருக்கிறவங்கதான் அலையணும்.

"அறுபது ஆச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?"

எல்லா அப்பாக்களும் சொல்ற டயலாக் இது. நானும் ரொம்ப நாள் நம்பினேன். பதில் ஒரு பழைய ஆய்வுல இருக்கு.

1951ல பிரிட்டன்ல 34,439 ஆண் டாக்டர்களோட புகைப்பழக்கத்தைப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ மாதிரி ஆய்வாளர்கள் அவங்களை 50 வருஷம் பின்தொடர்ந்து, 2004ல முடிவை வெளியிட்டாங்க. கடைசி வரைக்கும் பிடிச்சவங்க, பிடிக்காதவங்களைவிட சராசரியா 10 வருஷம் முன்னாடியே இறந்தாங்க. ஆனா நடுவுல விட்டவங்க?

30 வயசுல விட்டவருக்குச் சுமார் 10 வருஷம் திரும்பக் கிடைச்சது.
40ல விட்டவருக்கு 9 வருஷம்.
50ல விட்டவருக்கு 6 வருஷம்.
60ல விட்டவருக்கு 3 வருஷம்.

இந்த நாலு வரியை ஒரு ஃபைனான்ஸ் ஆளாப் பாருங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நிறைய லாபம், நம்ம எஸ்ஐபி மாதிரியேதான். ஆனா லேட்டா ஆரம்பிச்சாலும் இதுல பூஜ்யம் இல்லை. அறுபதுல விட்டாலும் மூணு வருஷம். ஒரு பேரன் பொறந்து பள்ளிக்கூடம் போற அளவு நேரம். இதயத்துக்கு அவ்வளவு நாள் கூட காத்திருக்க வேண்டாம்: விட்டு ஒரு வருஷத்துல, புகையால வந்த கூடுதல் இதயநோய் ஆபத்து பாதியாக் குறையும்னு உலக சுகாதார அமைப்பு சொல்லுது.

அப்பாகிட்ட எப்படிப் பேசறது?

எஸ்ஐபி கணக்கை எடுத்துட்டுப் போகாதீங்க. நான் போய் அவமானப்பட்டேன். எங்க வீட்டுல வேலை செஞ்சது இதுதான்:

முதல்ல ஃபார்மை முன்னாடி வெச்சு உட்கார்ந்தேன். "அப்பா, புது பாலிசி எடுக்கிறேன். இந்தத் தடவை நீங்களே பதில் சொல்லுங்க, நான் எழுதறேன்." அறிவுரை ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு கேள்வியா வாசிச்சேன். புகை பற்றின கேள்வி வந்தப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "போன தடவை என்னடா எழுதினே?"ன்னு கேட்டார். சொன்னேன். லோன் ஏன் வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சது. திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டல. "உண்மையை எழுது"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

ரெண்டாவது, தேதி அவரே குறிக்கட்டும். புகைப்பிடிக்கிறவங்கள்ல 55 சதவீதம் பேர் விடணும்னு திட்டமிடுறாங்க அல்லது யோசிக்கிறாங்கன்னு அந்தக் கணக்கெடுப்பே சொல்லுது. ஆசை ஏற்கெனவே உள்ளே இருக்கு. நீங்க தள்ள வேண்டியதில்லை, கூட நின்னா போதும்.

மூணாவது, தனியாப் போராட விடாதீங்க. சிகரெட் பாக்கெட்லயே 1800-11-2356ன்னு ஒரு இலவச எண் அச்சிட்டிருக்கும். அது தேசிய புகையிலை நிறுத்த உதவி எண். நிக்கோடின் சூயிங்கம் மாதிரி உதவிகளும் இருக்கு. இதய நோய், சர்க்கரை, பிபி இருக்கிற பெரியவர்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிக்கட்டும்.

நாலாவது, மறுபடி ஒண்ணு பிடிச்சுட்டார்னா "எல்லாம் போச்சு"ன்னு குதிக்காதீங்க. மார்க்கெட் ஒரு நாள் விழுந்ததுக்காக எஸ்ஐபியை நிறுத்துவீங்களா?

இந்த வாரம் செய்ய வேண்டியது

பெற்றோர் பாலிசியோட புரப்போசல் ஃபார்ம் காப்பியை எடுத்து, புகையிலை கேள்விக்கு என்ன பதில் இருக்குன்னு பாருங்க. தப்பா இருந்தா கம்பெனிக்கு எழுதுங்க. ஆபீஸ் பாலிசி மட்டும்தான் இருக்குன்னா தனியா ஒண்ணு எடுங்க. எமர்ஜென்சி ஃபண்ட்ல அப்பா அம்மா மருத்துவத்துக்குன்னு ஒரு தொகையை ஒதுக்குங்க. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் அப்பாவோட டீக்கடைக்குப் போய், "எப்பெல்லாம் பிடிக்கிறீங்க?"ன்னு சாதாரணமாக் கேளுங்க.

எங்க அப்பா விட்டு பதினாலு மாசம் ஆகுது. நடுவுல சொந்தக்காரர் கல்யாணத்துல ஒரு நாள் வழுக்கிட்டார். மறுநாள் காலையில அவரே வந்து, "நேத்து ஒண்ணு பிடிச்சேன்டா, ஃபார்ம்ல எழுதணுமா?"ன்னு கேட்டார். சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சார்.

இந்தப் பதிவு உங்க நண்பர் யாருக்காவது பயன்படும்னா அனுப்பி வைங்க. ஃபார்ம் நிரப்பும்போது கவனிக்க வேண்டிய மத்த கேள்விகளை அடுத்த வீடியோவுல ஒண்ணொண்ணாப் பார்க்கலாம்.